டன்மோர் ஹொட்டலின் உட்கூரை

ஒக்டோபர் 9

நேற்று மத்தியானம் எங்களை ஒரு வான் வண்டியில் ஏற்றி இந்த ஆல்டர்பிரிட்ஜ் நகரத்துக்குக் கொண்டுவந்து டன்மோர் ஹொட்டல் வாசலில் இறக்கிவிட்டார்கள். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற ஆட்களை வைப்பதற்காக ஒரு கொம்பனி இந்த ஹொட்டலை முழுதாக வாடகைக்கு எடுத்திருக்கிறது. மகள் ஆரணி வழியெல்லாம் வாந்தி எடுத்து வாடிப்போயிருந்தாள். என் மனைவி வதனி ஒரு கையில் அவளையும் மறுகையில் சாமான் பையையும் பிடித்திருந்தாள். நான் மழைக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த காலத்தில் புத்தகத்தில் மட்டும் கண்ட வகைக் கட்டடம் முன்னால் நின்றது. விக்டோரியா மகாராணி காலத்தில், ஊருக்கு றெயில் வந்து, கம்பளி வியாபாரிகள் வந்து இறங்கிய நாட்களில் கட்டியது. தேன் நிறக் கல். ஆலைப் புகை படிந்து கறுத்துப்போய், மழை நேராக அடிக்கிற இடங்களில் மட்டும் பழைய நிறம் தெரிகிறது. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி அடுக்கிய வளைவு. மூலையில் மீன் செதில் மாதிரி ஓடு வேய்ந்த கோபுரம்.

"என்னப்பா, பிள்ளை நனையுது. என்னத்தைப் பாக்கிறியள்?"

"ஜன்னலைப் பாரும் வதனி. கீழ்மாடியில எவ்வளவு உயரம். மேல போகப்போகச் சின்னனாகுது."

"எங்களுக்கு எந்த ஜன்னலாம்?"

ஆகக் கடைசி மாடி. ஆகச் சின்ன ஜன்னல்.

ஒக்டோபர் 12

பெரிய படிக்கட்டால் நாங்கள் போகக்கூடாது. முன்மண்டபத்தில் ஒன்றாகத் தொடங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து ஏறுகிற படிக்கட்டு அது. வார்ப்பிரும்பில் கொடிகள், மேலே மஹோகனிக் கைப்பிடி, உச்சியில் கண்ணாடிக் குவிமாடம். முதல் படியிலேயே பலகை அடித்து மறைத்திருக்கிறார்கள். நாங்கள் பாவிப்பது பின்பக்கப் படிக்கட்டு. அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்கள் சுடுதண்ணீரும் நிலக்கரியும் தூக்கிக்கொண்டு ஏறியது. விருந்தாளியின் கண்ணில் வேலைக்காரர் படக்கூடாது என்பது இந்த மாதிரிக் கட்டடங்களின் முதல் விதி. நாங்கள் படுக்கிற அறையும் அந்தப் பெண்களுடையதுதான்.

இதை மனேஜர் டரனிடம் சொன்னேன். சாவிக்கொத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற இளைஞன். அப்படியா, சுவாரசியமாக இருக்கிறதே என்றான். பிறகு, அறையில் வைஃபை கிடைக்கிறதா என்று கேட்டான்.

வதனியிடமும் சொன்னேன்.

"அந்தப் பெட்டையளுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்" என்றாள்.

ஒக்டோபர் 21

பக்கத்து அறைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வந்திருக்கிறாள். துளசிகா, முல்லைத்தீவு. இருபத்திரண்டு வயதிருக்கும். வயிற்றில் பிள்ளை. புருசன் இன்னும் துருக்கியில் நிற்கிறான். எப்போது வருவான், வருவானா என்று ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் யெஸ், நோ தவிர வேறொன்றும் தெரியாது. வதனி அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் கதைத்துவிட்டு வந்தாள்.

"நேர்ஸ் என்னை அவளின்ர தாயோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

வதனி சிரித்து எவ்வளவோ காலம்.

நவம்பர் 2

ஆரணிக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. நடந்து போகிற தூரம்.

நவம்பர் 10

சாப்பாட்டு மண்டபத்தின் உட்கூரையைப் பற்றி எழுத வேண்டும்.

பிளாஸ்டிக் தட்டில் சோறும் அவித்த கோழியும் தருவார்கள். உப்பு இல்லை. எல்லாரும் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அண்ணாந்து பார்த்தபடி இருப்பேன். பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்த சுண்ணாம்புக் கூரை. கட்டத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வார்த்த மாதுளம்பழம், அதைச் சுற்றி இலை. சுவரும் கூரையும் சேருகிற விளிம்பில் ஆட்டுத்தலைகள், கம்பளிப் பொதிகள், ஒரு பாய்க்கப்பல். கம்பளி விற்ற காசில் சாப்பிட வந்தவர்களுக்குத் தங்கள் செல்வத்தைத் தலைக்கு மேலே பார்க்க விருப்பம். யாரோ வெள்ளைப் பெயின்றைப் பூசிப் பூசி இலை நரம்பையெல்லாம் மூடிவிட்டார்கள். ஆனாலும் கைவேலை தெரிகிறது.

ஆரணியின் பென்சிலை வாங்கி ஒரு கட்டத்தை வரைந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபிறகு வரைகிற முதல் கோடு. இராணுவம் பிடித்துவைத்திருந்த காணிகளை நான் படமாக வரைந்தது அவர்களுக்குப் பிடிக்காமல் போனதால்தான் இங்கே வந்து நிற்கிறோம். கோடு நேராக வந்தது.

நவம்பர் 24

உட்கூரையின் கிழக்கு மூலையில் ஒரு கறை. தேத்தண்ணி ஊற்றினது போல. போன கிழமை இல்லை.

டிசம்பர் 3

கறை பெரிதாகிறது. டரனிடம் சொன்னேன். பராமரிப்பு ஆட்களுக்கு அறிவித்திருப்பதாகச் சொன்னான். போன மாதம் சுடுதண்ணீர் வராமல் நின்றபோதும் இதையேதான் சொன்னான். ஆனால் இரவு அவனே ஏணி வைத்து ஏறிப் பார்த்ததை வதனி கண்டிருக்கிறாள்.

"நீங்கள் சொன்னது போதும். உதுக்குப் பின்னால திரியாதேங்கோ. நேர்காணலுக்குத் திகதி வர இருக்கு. கரைச்சல் குடுக்கிற ஆக்கள் எண்டு பேர் வேண்டாம்."

"தலையில விழுந்தால்?"

"அந்த மேசையில இருக்காதேங்கோ."

டிசம்பர் 11

காலையில் விழுந்தது. ஒரு மாதுளம்பழமும் பாதி இலையும். கீழே யாரும் இல்லை. டரன் மேசையை நகர்த்தி, நாற்காலி அடுக்கி அந்த மூலையை மறித்துவிட்டான். நான் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன்.

இந்தக் காலத்துக் கூரைகளுக்கு மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்து, கீழேயிருந்து சுண்ணாம்புச் சாந்தை அழுத்துவார்கள். இடைவெளியால் மேலே பிதுங்கிய சாந்து இறுகிக் கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கிகள் ஈரத்தில் ஊறி உடைந்திருக்கின்றன. நேர் மேல்மாடிக் குளியலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். டரனின் ஏணியில் ஏறி, கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால் மற்றக் கட்டங்களைத் தட்டிப் பார்த்தேன். நல்ல திடமான சத்தம். அந்த மூலை மட்டும் பழுது.

ஆனால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லா மாதுளம்பழத்தையும் மறைத்து ஒரு மட்டமான பலகைக் கூரையை அடித்துவிடுவார்கள்.

டிசம்பர் 15

நூலகத்துக்குப் போனேன். நகரசபையில் பழங்கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு பிரிவு இருக்கிறது. மின்னஞ்சல் எழுதினேன், மூன்று படங்களோடு. ஆட்களின் பாதுகாப்புக்காகத்தான் எழுதினேன்.

வதனிக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் துளசிகாவின் வேலையே சரியாக இருக்கிறது. பிள்ளைக்குக் குல்லா பின்னுகிறார்கள், இரண்டுபேருக்கும் பின்னத் தெரியாது.

ஜனவரி 9

ஹெலன் வந்தாள். நகரசபை அதிகாரி, ஐம்பது வயதுக்கு மேல், பெரிய சப்பாத்து, தலையில் டோர்ச். டரன் பின்னால் நிற்க, நானும் அவளும் கிழக்கு மூலையில் நின்று கதைத்தோம். நான் பட்டியையும் கொக்கியையும் பற்றிச் சொல்லத் தொடங்க, அவள் நான் முடிக்க முன்னமே அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அப்படி ஒருவரோடு கதைத்து எத்தனை நாள். பெரிய படிக்கட்டின் பலகையைக் கழற்றச் சொன்னாள். நாங்கள் அதால் ஏறிக் குவிமாடம் வரைக்கும் போனோம். போகும்போது டரனிடம், 'என் சக கட்டடக்கலைஞர் சொல்வது சரி' என்றாள்.

சக கட்டடக்கலைஞர்.

வதனி கேட்டாள்: "ஆர் அந்த வெள்ளைக்காரி?"

"சும்மா, கட்டடம் பாக்க வந்தவ."

ஜனவரி 17

ஹெலன் தொலைபேசியில் அழைத்தாள். உட்கூரை முழுவதையும் வரைந்து, பழுது எங்கே, எவ்வளவு தூரம் என்று அடையாளம் போட்டுத் தர முடியுமா என்றாள். தங்கள் பிரிவில் ஆள் போதாதாம். நான் பார்த்ததுபோல் யாரும் நாள்தோறும் பார்க்கவில்லையாம்.

பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்று சொன்னாள். ஒரு மூலை மட்டும் பழுது என்றால் கட்டடச் சொந்தக்காரர்கள் அந்த மூலையை ஒட்டுப்போட்டு மூடிவிடுவார்கள். பழுது பரவியிருக்கிறது என்றால்தான் கட்டடத்தை வெறுமையாக்கி முறையாகத் திருத்தும்படி கட்டாயப்படுத்தலாம். எப்படி வரைய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கண்டதை வரையுங்கள் என்றுதான் சொன்னாள்.

ஜனவரி 21

வரைந்து முடித்தேன். நல்ல படம். என் வாழ்நாளில் வரைந்தவற்றில் இதை முன்னால் வைக்கலாம்.

ஈரம் பரவியிருக்கக்கூடிய எல்லை என்று ஒரு கோடு போட்டேன். கோடு மேற்குப் பக்கம் வரைக்கும் போகிறது. பரவியிருக்கக்கூடிய என்றுதான் எழுதியிருக்கிறேன். அது பொய் அல்ல. தண்ணீர் எங்கே போகும் என்று யாரால் அறுதியாகச் சொல்ல முடியும்?

ஜனவரி 22

கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 4

காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது மண்டபம் பூட்டியிருந்தது. கதவில் அறிவித்தல். கட்டடம் பாதுகாப்பற்றது, இரண்டு நாட்களுக்குள் எல்லாரும் வேறு இடங்களுக்கு அனுப்பப்படுவார்கள். ஆட்களைப் பக்கத்தில் எங்கேயாவது, ஒன்றாக வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இடம் இருக்கிற இடத்துக்கெல்லாம் பிரித்து அனுப்புகிறார்கள்.

துளசிகாவைத் தெற்கே கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்குப் போடுகிறார்கள். வயிற்றில் எட்டாம் மாதம். எங்களுக்கு வேறு திசை. வதனி டரனின் மேசைக்கு முன்னால் நின்று, கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். அவன் எழும்பி நின்று தொலைபேசியில் யார் யாரோடோ கதைத்தான். கடைசியில் ஏலாது என்று தலையை ஆட்டினான்.

பெப்ரவரி 5

துளசிகாவின் பையை டரன்தான் தூக்கிக்கொண்டு போய் வானில் வைத்தான். இன்றோடு தனக்கும் வேலை இல்லை என்று என்னிடம் சொன்னான், சாதாரணமாக. துளசிகா அழவில்லை. வதனியின் கையை விடாமல் பிடித்தபடி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வயித்துநோ வந்தால் என்னெண்டு சொல்லுறது அக்கா? இங்கிலீசில என்னெண்டு சொல்லுறது?"

வதனி சொல்லிக்கொடுத்தாள். வான் கிளம்பும் வரைக்கும் துளசிகா அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் எங்கள் வானுக்காக முன்மண்டபத்தில் நின்றபோது ஹெலன் வந்தாள். வேலையாட்கள் சாரக்கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக வதனியிடம் போய்க் கையைப் பிடித்தாள். உங்கள் கணவரின் படம் இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்தை இழந்திருப்போம் என்றாள். நல்ல எண்ணத்தோடு சொன்னாள். வதனிக்கு அந்த ஆங்கிலம் முழுதாக விளங்கியது.

"தாங்க் யூ" என்றாள் வதனி.

பெப்ரவரி 6

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விடுதி. பெட்டி பெட்டியாக அறைகள். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

ஆரணி நித்திரையான பிறகு வதனி கேட்டாள்.

"அந்தக் கூரை விழுமே?"

"விழலாம்."

"விழலாமோ எண்டு நான் கேக்கேல்லை. முழுக்க விழுமே?"

"வதனி, உதை அப்பிடிச் சொல்ல ஏலாது. ஈரமெண்டது..."

"அந்த மூலை மட்டும்தான் பழுதெண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். தும்புத்தடியால தட்டிப்போட்டு வந்து சொன்னனீங்கள்."

சொன்னது எனக்கு மறந்துபோயிருந்தது.

"அங்கயும் ஒரு படம் கீறித்தான் எங்களை இஞ்ச கொண்டுவந்தனீங்கள்" என்றாள். "அப்ப நான் பெருமைப்பட்டனான். ஆக்களின்ர காணிக்காகக் கீறினது எண்டு. இது ஆருக்காகக் கீறினது?"

அவள் களைத்திருந்தாள். களைப்பில் கதைப்பதையெல்லாம் எழுதி வைக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 19

ஆரணிக்கு இன்னும் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்தில் ஒன்றும் இல்லை. வீதியில் நடக்கவும் ஓரம் இல்லை.

மார்ச் 2

மழை.

மார்ச் 13

துளசிகாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். முந்தாநாள். வதனிக்கு இன்றைக்குத்தான் தகவல் வந்தது.

வெட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். நோ தொடங்கி வெகுநேரம் ஆகியும் தான் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை என்கிறாள். தொலைபேசியில் யாரோ மொழிபெயர்ப்பாளர் வந்தாராம், இணைப்பு அறுந்துபோனதாம். என்ன தாளில் கையெழுத்து வைத்தேன் என்று தெரியாது, பிள்ளையை எடுக்கப்போகிறார்களா என்னை வெட்டப்போகிறார்களா என்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை சுகம். தாயும் சுகம்தான், அப்படித்தான் சொல்ல வேண்டும்.

வதனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் என் பேரை எடுத்திருக்கிறாள். அண்ணையும் சுகம் கேட்டவர் என்று. அதற்கு அவள் சொன்னதை வதனி எனக்கு அப்படியே சொன்னாள்.

"அண்ணையின்ர கதை எடுத்தால் நான் போனை வைச்சுப்போடுவன் அக்கா."

வதனிதான் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ஏப்ரல் 28

நேர்காணல் முடிந்தது. முடிவு எப்போது என்று தெரியாது.

மே 16

வீடு கொடுத்திருக்கிறார்கள். சின்ன ஊர், இரண்டு அறை. குசினி உண்டு. ஆரணிக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. வதனி சமைக்கிறாள். எனக்கு உரிய பங்கைச் சட்டியில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் போட்டுச் சாப்பிடுவேன். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 20

ஹெலன் அழைத்தாள்! உட்கூரைத் திருத்தம் முடிந்துவிட்டதாம். செப்ரெம்பரில் பொதுமக்களுக்குக் காட்டப்போகிறார்கள். நான் வந்து சில நிமிடம் பேச வேண்டுமாம். றெயில் ரிக்கெற்றை அவளே அனுப்புவாள். அடுத்த வருடம் அது திரும்ப ஹொட்டலாகிறது, நல்ல வசதியான ஹொட்டல்.

வதனியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"போங்கோ. போய்க் கதைக்கேக்க ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அங்க நாங்கள் இருந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ. அத்தினை சனம் இருந்தது, சாமான் கட்டக்கூட நேரம் இல்லாமல் அனுப்பினது எண்டு சொல்லுங்கோ. துளசிகாவின்ர பேரைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"உண்மையா?"

"சொல்லுறன் வதனி."

இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

செப்ரெம்பர் 13

போய்விட்டு வந்தேன். றெயிலில் இரண்டு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கினேன்.

உட்கூரையை எப்படி எழுதுவது? பெயின்றையெல்லாம் உரித்துவிட்டார்கள். இலைக்கு நரம்பு வந்திருக்கிறது. மாதுளம்பழங்கள் வெடித்து உள்ளே முத்துகள் தெரிகின்றன, அப்படித்தான் செய்திருந்தார்கள் என்று எனக்கே தெரியாது. கிழக்கு மூலையில் புதிதாக வார்த்த துண்டு எது, பழையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேற்குப் பக்கத்தை ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்று வேலை செய்தவர் ஹெலனிடம் சொன்னார். பட்டிகள் புதிது போல இருந்ததாம். ஹெலன் என்னைப் பார்க்கவில்லை.

சனம் நிறைய. வயதானவர்கள், நல்ல உடுப்பு. ஒரு வழிகாட்டி பேசினார். யார் கட்டினது, எந்தக் கல், எந்த வியாபாரி. பிறகு, அண்மைக் காலத்தில் இந்தக் கட்டடம் கவனிப்பாரில்லாமல் வெறுமையாகக் கிடந்தது என்றார். எல்லாரும் வருத்தமாகத் தலையாட்டினார்கள்.

ஹெலன் என்னை அறிமுகம் செய்தாள். ஆபத்தை முதலில் கண்ட இலங்கைக் கட்டடக்கலைஞர். கை தட்டினார்கள். நான் பட்டியைப் பற்றியும் சாந்தைப் பற்றியும் சொன்னேன். நன்றாக வந்தது. இரண்டு இடத்தில் சிரித்தார்கள். அந்த இரண்டு வசனத்தையும் முடிவில் சொல்வதாக வைத்திருந்தேன். முடிவு வந்தபோது ஒரு கிழவி கை உயர்த்தினாள். முத்துமாலை போட்டவள், அன்பான முகம். நீங்கள் அந்த நேரம் இந்த நகரத்தில் எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெலனும்.

பக்கத்தில்தான் என்றேன்.

எவ்வளவு அதிர்ஷ்டம் என்றாள் கிழவி. பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. இருவரும் விழித்திருந்தார்கள். கதவைத் திறந்தவுடனேயே வதனி கேட்டாள்.

"சொன்னனீங்களே?"

"ஓம்."

"எங்களைப் பற்றி?"

"ஓம். எல்லாம் சொன்னனான்."

ஆரணி ஓடிவந்தாள். "என்ர பேரும் சொன்னனீங்களே அப்பா? துளசிகாச் சித்தியின்ர பேரும்?"

"ஓம் பிள்ளை."

"கேட்டுப்போட்டு அவை என்ன சொன்னவை?"

"கவலைப்பட்டவை" என்றேன். "ஒரு வயசு போன மனுசி அழுதவ."

வதனியின் முகம் மெல்ல மெல்ல இளகியது. பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் இப்போதும் கேட்கிறது.

"வைச்சுப்போடாத பிள்ளை, இதை மட்டும் கேள். இவர் அங்க போய் அவ்வளவு வெள்ளைக்காரருக்கும் முன்னால உன்ர பேரைச் சொன்னவராம். ஓம், உன்ர பேரை. ஒரு மனுசி அழுதவவாம்... ஏன் பிள்ளை அழுறாய்? அழாத."

சாப்பாட்டை இன்றைக்கு அவளே தட்டில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். மீன்குழம்பும் சோறும். பக்கத்தில் இருந்து, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டாள்.

போடும் என்றேன்.